கடவுளைத் தேட கோயிலைத் தாண்டணுமா? திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்த சிறுவன் முதல் மேல்பாதி வரை

2 ரூபாய் 13 அணா. 1896-ம் ஆண்டு ஆகஸ்ட் 29-ம் தேதி, மதுரையிலிருந்து திண்டிவனத்துக்கு ஒரு 16 வயதுப் பையன் எடுத்த ரயில் டிக்கெட்டின் விலை இது. அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காக வைத்திருந்த 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயோடு ஒரு துண்டுச்சீட்டையும் வைத்துவிட்டுக் கிளம்பியிருந்தான். தந்தையைத் தேடிப் போவதாகவும், தன்னைத் தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம் என்றும் அதில் எழுதியிருந்தது. அவன் சொன்ன தந்தை திருவண்ணாமலை அருணாசலேஸ்வரர்.

வேங்கடராமன் என்ற அந்தப் பையனைத்தான் பின்னாளில் உலகம் ரமண மகரிஷி என்று அழைத்தது.

கோயில், மடம், சடங்கு, சாதி, சம்பிரதாயம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் நாம் ‘மதம்’ என்கிறோம். இவை எதுவும் இல்லாமல் கடவுளை நேரடியாகத் தேட முடியுமா? இந்தக் கேள்விக்கு விழுப்புரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பல பதில்கள் இருக்கின்றன. சென்னையிலிருந்து தெற்கே போகிற எல்லோருக்கும் தெரிந்த விக்கிரவாண்டி டோல்கேட்டை நடுவில் வைத்துப் பாருங்கள். மேற்கே திருவண்ணாமலை, தெற்கே வடலூர், கிழக்கே ஆரோவில். மூன்றுமே வழக்கமான மத அமைப்பைத் தாண்டி கடவுளைத் தேடியவர்களின் இடங்கள். மூன்றிலுமே பின்னால் நீதிமன்றம் நுழைந்திருக்கிறது. இதே விழுப்புரம் மாவட்டத்தில்தான், கோயிலுக்குள் போய்ச் சாமி கும்பிடுவதற்கே நீதிமன்றத்தின் உத்தரவு தேவைப்பட்ட மேல்பாதியும் இருக்கிறது.

இந்த நான்கு இடங்களையும் ஒன்றாகப் பார்த்தால் என்ன தெரிகிறது?

திண்டிவனம் டிக்கெட்டோடு விழுப்புரத்தில் இறங்கியது ஏன்?

வேங்கடராமன் பார்த்தது ஒரு பழைய வரைபடம். அதில் திருவண்ணாமலைக்குப் பக்கத்து ரயில் நிலையம் திண்டிவனம் என்று இருந்தது. ஆனால், அதற்குள் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாக ரயில் பாதை வந்துவிட்டிருந்தது. பையனுக்கு இது தெரியாது. ரயிலில் உடன் வந்த ஒரு மௌல்விதான் விழுப்புரத்திலேயே இறங்கி வண்டி மாற வேண்டும் என்று சொன்னார். அருணாசலத்துக்கு வழி காட்டியவர் ஒரு முஸ்லிம் மதப் பெரியவர் என்பது ரமணரின் வரலாற்றில் எல்லா நூல்களும் சொல்லும் செய்தி.

டிக்கெட்டில் இருந்தபடியே போயிருந்தால், விழுப்புரத்தைத் தாண்டி முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, மயிலம் வழியாகத் திண்டிவனத்தில் போய் இறங்கியிருப்பான். விடியற்காலை 3 மணிக்கு விழுப்புரத்தில் இறங்கினான். கையில் இருந்தது இரண்டரை அணா. காலையில் ஊருக்குள் சுற்றியபோது பசி எடுத்தது. சாப்பாட்டுக் கடைக்காரர் சாப்பாடு போட்டுவிட்டு, அவனிடம் மிச்சமிருந்த காசைக் கேள்விப்பட்டதும் வாங்க மறுத்துவிட்டார். அந்தக் காசுக்கு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரத்துக்கு, அதாவது மாம்பழப்பட்டு வரைக்கும், டிக்கெட் எடுத்தான். அங்கிருந்து நடைதான்.

மாலையில் வந்து சேர்ந்த இடம் அறையணிநல்லூர். இன்றைய அரகண்டநல்லூர். பாறை மேல் இருக்கும் அதுல்யநாதேஸ்வரர் கோயில் திறந்ததும் உள்ளே போய் உட்கார்ந்தான். பெரிய ஒளி ஒன்றைக் கண்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதற்குள் பூஜை முடிந்து, கோயிலைப் பூட்டும் நேரம் வந்துவிட்டது. சாப்பாடு கேட்டான், இல்லை என்றார்கள். படுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான், அதுவும் கூடாது என்றார்கள்.

குருக்களோடு பக்கத்தில் இருக்கும் கீழூர் வீரட்டானேஸ்வரர் கோயிலுக்குப் போனான். அங்கேயும் பூஜை முடிந்து அதே பதில். அப்போது, ‘என் பங்கைக் கொடுங்கள்’ என்கிற விதமாகக் குறுக்கிட்டவர் கோயில் மேளக்காரர். தனக்கு வர வேண்டிய பிரசாதச் சோற்றை அந்தப் பையனுக்குக் கொடுக்கச் சொன்னார்.

அந்த ஒரு நாள் பயணத்திலேயே மதத்தின் இரண்டு முகங்களும் வந்துவிடுகின்றன. பூட்டுகிற நேரம் பார்க்கிற கோயில் ஒன்று. அதே கோயிலில், சாவி இல்லாத ஒருவர் தன் பங்குச் சோற்றைக் கொடுப்பது இன்னொன்று. மறுநாள் கிருஷ்ண ஜெயந்தி. முத்துகிருஷ்ண பாகவதர் என்பவரின் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, காதில் கிடந்த கடுக்கனை அடகு வைத்து 4 ரூபாய் வாங்கினான். அடகுச் சீட்டைக் கிழித்துப் போட்டான். செப்டம்பர் 1-ம் தேதி காலை திருவண்ணாமலை வந்து சேர்ந்தான். தலையை மழித்து, பூணூலைக் கழற்றி எறிந்து, மிச்சக் காசையும் வீசிவிட்டான்.

குரு இல்லை, தீட்சை இல்லை, மடம் இல்லை. எந்த அமைப்பிலும் சேராமலே துறவியானவர் அவர்.

அமைப்பை விட்டு வந்தவரைச் சுற்றியே அமைப்பு வந்தது எப்படி?

ஆயிரங்கால் மண்டபம், பாதாள லிங்கம், குருமூர்த்தம், விரூபாக்ஷ குகை, கந்தாசிரமம் என்று 26 ஆண்டுகள் ரமணர் இருந்த இடங்கள் எதுவும் அவருடையது இல்லை. 1922 மே மாதம் அவருடைய தாயார் அழகம்மாள் இறந்தார். மலையடிவாரத்தில் அடக்கம் செய்தார்கள். ரமணரும் அங்கேயே வந்து தங்கினார். சமாதியைச் சுற்றிக் கூரை வந்தது. கூரை ஆசிரமமானது. 1934-ல் பால் பிரண்டன் எழுதிய நூல் வெளிவந்த பிறகு வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். 1938-ல் ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் வந்தார். தாயார் சமாதி மீது மாத்ருபூதேஸ்வரர் கோயில் எழும்பி, 1949 மார்ச் மாதம் குடமுழுக்கு நடந்தது.

சடங்கு இல்லாமல் வந்தவரின் இருப்பிடத்தில் ஆகம முறைப்படி ஒரு கோயில் எழுந்துவிட்டது. சொத்து சேர்ந்தது. சொத்து சேர்ந்தால் வழக்கும் வரும்தானே? 1930-களில் ஆசிரம நிர்வாகத்துக்கு உரிமை கோரி பழைய அன்பர் ஒருவர் நீதிமன்றம் போனார். ரமணர் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. 1936-ல் ஆணையர் ஆசிரமத்துக்கே வந்து அவரிடம் சாட்சியம் பதிவு செய்தார்.

அந்த விசாரணையில் வந்த ஒரு கேள்விதான் இங்கே முக்கியம். இந்து மரபுப்படி வாழ்க்கை நிலைகள் நான்கு: பிரம்மசரியம், இல்லறம், வானப்பிரஸ்தம், சந்நியாசம். ரமணர் எந்த ஆசிரமத்தைச் சேர்ந்தவர்? நான்கையும் கடந்த நிலை, அதாவது அதியாசிரமம் என்று பதில் சொன்னார் அவர்.

ஆன்மிகக் கேள்வியாகத் தோன்றினாலும் இதற்குள் சொத்துச் சட்டம் இருக்கிறது. முறைப்படி சந்நியாசம் வாங்கியவர் என்றால் அவருக்குச் சொத்து வைத்துக்கொள்ள உரிமை உண்டா என்ற பிரச்சினை வரும். எந்த அமைப்பிலும் சேராதவருக்கும் சட்டம் ஒரு கட்டத்தை நிரப்பச் சொல்கிறது. 1938-ல் ரமணர் பெயரில் உயில் எழுதப்பட்டது. தம்பி நிரஞ்சனானந்த சுவாமி ஆசிரமத்தின் சர்வாதிகாரியாக இருந்தார். அவருக்குப் பின் அவர் வழியினர் நிர்வகித்து வருகிறார்கள்.

ஆசிரமச் சாப்பாட்டுக் கூடத்தைப் பற்றிப் பழைய அன்பர்கள் எழுதிவைத்த குறிப்பு ஒன்றும் உண்டு. பிராமணர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் இன்னொரு பக்கம், நடுவில் ஒரு தடுப்பு. ரமணர் இரு பக்கமும் தெரிகிற இடத்தில் உட்காருவாராம். பூணூலைக் கழற்றி எறிந்தவர் இருந்த இடத்திலேயே அந்தத் தடுப்பும் இருந்தது.

வடலூர்: ஒளிக்கும் ஒரு பூட்டு

விக்கிரவாண்டியில் பிரியும் தஞ்சாவூர் நெடுஞ்சாலை பண்ருட்டி, நெய்வேலி வழியாக வடலூரைத் தொடுகிறது. ரமணர் ரயில் ஏறுவதற்கு 20 ஆண்டுகளுக்கு மேல் முன்பே இங்கே ராமலிங்க அடிகள், அதாவது வள்ளலார், வேறொரு வழியைத் தொடங்கியிருந்தார்.

1823-ல் சிதம்பரம் பக்கம் மருதூரில் பிறந்தவர். முருகனையும் சிவனையும் உருகிப் பாடித்தான் ஆரம்பித்தார். பிறகு சாதி, சமயம், சாத்திரம் எல்லாவற்றையும் விட்டு வெளியே வந்தார். 1865-ல் சன்மார்க்க சங்கம். 1867 மே 23-ல் பசித்தவருக்குச் சோறு போடும் சத்திய தருமச்சாலை. 1872 தைப்பூசத்தில் சத்திய ஞானசபை. சபைக்குள் சிலை கிடையாது. விளக்கு, கண்ணாடி, அதை மறைக்கும் ஏழு திரைகள். தைப்பூசத்தன்று திரைகளை விலக்கி ஜோதியைக் காட்டுவார்கள், அவ்வளவுதான்.

அமைப்பு உருவானால் என்ன ஆகும் என்று வள்ளலாருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. 1872 ஜூலையில் அவர் சபைக்கு எழுதிய வழிபாட்டு விதிகளைப் பார்த்தால் இது புரியும். உள்ளே போய் விளக்கு வைப்பவர் 12 வயதுக்கு உட்பட்டவராகவோ 72 வயதைத் தாண்டியவராகவோ இருக்க வேண்டும். சபையின் சாவி ஒருவர் கையிலும் இருக்கக் கூடாது. பரம்பரைப் பூசாரி உருவாவதைத் தடுக்க அவர் கண்டுபிடித்த வழி என்று இதைச் சொல்லலாம். குழந்தையால் அதிகாரம் செலுத்த முடியாது, முதியவருக்கு அதிக காலம் இல்லை.

1874 ஜனவரி 30-ம் தேதி மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் அறைக்குள் போனவர் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு நடந்தது அவர் பயந்ததுதான். சபையில் பரம்பரை அர்ச்சகர் வந்தார், லிங்க வழிபாடு வந்தது. வள்ளலாரின் விதிகளுக்கு இது விரோதம் என்று சன்மார்க்கிகள் புகார் செய்தார்கள். அறநிலையத் துறை விசாரித்து 2006-ல் சன்மார்க்கிகளுக்குச் சாதகமாக உத்தரவு போட்டது. அர்ச்சகர் தரப்பு உயர் நீதிமன்றம் போனது. 2010-ல் நீதிபதி சந்துரு துறையின் உத்தரவு சரியே என்று தீர்ப்பளித்தார். உருவ வழிபாட்டுக்கு அங்கே இடமில்லை என்பது உறுதியானது.

யோசித்துப் பார்த்தால் விசித்திரமாக இருக்கும். கோயிலாக இருக்கக் கூடாது என்று கட்டிய ஓர் இடத்தை, கோயில்களை நிர்வகிக்கும் அரசுத் துறையும் நீதிமன்றமும் சேர்ந்துதான் கோயில் ஆகாமல் காப்பாற்றியிருக்கின்றன. அதே அரசு 2024-ல் சுமார் 100 கோடி ரூபாயில் சர்வதேச மையம் கட்ட அடிக்கல் நாட்டியபோது, நிலம் கொடுத்த பார்வதிபுரம் மக்களின் வழிவந்தவர்கள் எதிர்த்தார்கள். தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கானவர்கள் கூடும் பெருவெளி வெளியாகவே இருக்கட்டும் என்பது அவர்கள் வாதம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஞானசபையில் சாதி கேட்பதில்லை. ஆனால், கொலையும் புலாலும் தவிர்த்தவர்களே உள்ளே வரலாம் என்று வாசலில் எழுதியிருக்கிறது. எல்லோருக்குமான வாசலிலும் ஒரு நிபந்தனை இருக்கிறது.

ஆரோவில்: ‘நாங்கள் மதமே இல்லை’ என்றால்?

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி பக்கம் போனால் வானூர் வட்டாரத்தில் ஆரோவில் வரும். 1968 பிப்ரவரி 28-ம் தேதி, 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் இட்டுத் தொடங்கிய நகரம். அரவிந்தரின் ஆன்மிகத் துணைவராக இருந்த ‘அன்னை’ மிர்ரா அல்ஃபாசா தொடங்கியது. இங்கே மதங்களுக்கு இடமில்லை என்பதை அவர் தெளிவாகவே சொல்லியிருந்தார். நடுவில் இருக்கும் தங்கநிற மாத்ரிமந்திரில் பூஜை கிடையாது, மந்திரம் கிடையாது, ஊதுபத்தி கிடையாது. அமைதியாக உட்காரலாம். ‘மந்திர்’ என்று பெயர் இருந்தாலும் அது கோயில் ஆகாது என்பதே அவர்கள் நிலை.

1973-ல் அன்னை மறைந்ததும் நிர்வாகத்தை நடத்துவது யார் என்று அரவிந்தர் சொசைட்டிக்கும் ஆரோவில் குடியிருப்பாளர்களுக்கும் மோதல் வந்தது. 1980-ல் மத்திய அரசு சட்டம் போட்டு நிர்வாகத்தைக் கையில் எடுத்தது. ‘மத அமைப்பின் விஷயத்தில் அரசு தலையிட முடியாது, அரசியல் சட்டத்தின் 25, 26-வது பிரிவுகள் எங்களைப் பாதுகாக்கின்றன’ என்று சொசைட்டி தரப்பு உச்ச நீதிமன்றம் போனது.

அதாவது, மதம் வேண்டாம் என்று சொன்ன மரபு, நிர்வாகத்தைத் தக்கவைக்க ‘நாங்களும் மதம்தான்’ என்று வாதாட வேண்டிய நிலை!

எஸ்.பி.மிட்டல் வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கும் இதில் 1982 நவம்பரில் தீர்ப்பு வந்தது. அரவிந்தரின் போதனை ஒரு தத்துவம், அது மதமல்ல என்றது 5 நீதிபதிகள் அமர்வின் பெரும்பான்மை. நீதிபதி சின்னப்ப ரெட்டி மட்டும் அரவிந்தரின் வழியை ஒரு சமயப் பிரிவாகவே கருதலாம் என்று தனியாக எழுதினார். ஆனாலும் ஆரோவில் என்ற நகரம் மத நிறுவனம் ஆகாது என்பதில் அவரும் உடன்பட்டார். 1988-ல் ஆரோவில் அறக்கட்டளைச் சட்டம் வந்தது. நகரம் மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் போனது.

இப்போதும் அங்கே சண்டை ஓயவில்லை. 2021 டிசம்பரில் சாலைக்காக மரங்கள் வெட்டப்பட்டபோது குடியிருப்பாளர்களில் ஒரு பகுதியினர் எதிர்த்தார்கள். பசுமைத் தீர்ப்பாயம் போட்ட கட்டுப்பாட்டை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கேள்வி பழையதுதான்: யார் முடிவெடுப்பது?

உலகம் முழுக்க இதே கேள்வியா?

‘எனக்கு மதம் கிடையாது, ஆனா ஆன்மிகம் உண்டு’ என்று சொல்கிறவர்கள் நம்மூர் ஐ.டி. நிறுவனங்களிலும் இருக்கிறார்கள், அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். பியூ ஆய்வு மையம் 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்கப் பெரியவர்களில் 22 சதவீதம் பேர் தங்களை இப்படி அடையாளப்படுத்திக்கொள்கிறார்கள். இந்தியாவில் நிலைமை வேறு. அதே மையம் ஏறத்தாழ 30,000 பேரிடம் நடத்தி 2021-ல் வெளியிட்ட ஆய்வில், 97 சதவீதம் பேர் கடவுள் நம்பிக்கை உண்டு என்றார்கள்.

அமெரிக்காவில் ஒருவர் தேவாலயத்தை விட்டு விலகினால், ஞாயிற்றுக்கிழமை காலை வேறு வேலை பார்க்கலாம். நம் ஊரில் அது அவ்வளவு எளிதில்லை. இங்கே மத அமைப்பு என்பது மடமோ அறநிலையத் துறையோ மட்டும் கிடையாது. கூழ் ஊற்றுவது, தேர் எந்தத் தெருவில் வரும், முதல் மரியாதை யாருக்கு, பாரதம் படிக்கும்போது எந்தப் பக்கம் உட்கார்வது எல்லாமே அமைப்புதான். ஒரு வார்த்தையில் சொன்னால், ஊர்.

அதனால், அமைப்பைத் தாண்டிப் போவது என்ற பேச்சுக்கு முன்னால் இன்னொரு கேள்வி வருகிறது. அமைப்புக்குள்ளே விடப்படாதவர் எதைத் தாண்டுவார்?

வெளியேறுவதும் வெளியே நிறுத்தப்படுவதும் ஒன்றா?

வேங்கடராமன் மதுரையில் இருந்த கடைசி வாரங்களில், தினமும் மாலை மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போய்ச் சிலைகளின் முன்னால் கண்ணீரோடு நிற்பான். அதே கோயிலுக்குள் பட்டியலின மக்கள் முதன்முதலில் நுழைய முடிந்தது 1939 ஜூலை 8-ம் தேதி, வைத்தியநாத ஐயர் தலைமையில். கக்கனும் உள்ளே போனவர்களில் ஒருவர். வேங்கடராமன் ரயில் ஏறி 43 ஆண்டுகளுக்குப் பிறகு!

1896-ல் திருவண்ணாமலை கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் ஒரு பையன் யாரையும் கேட்காமல் போய் உட்கார முடிந்தது என்றால், அவன் எந்தக் குலத்தில் பிறந்தவன் என்பதும் அதற்கு ஒரு காரணம். இதைச் சொல்வதால் ரமணரின் தேடல் சின்னதாகிவிடாது. ஆனால், பூணூலைக் கழற்றி எறிய வேண்டும் என்றால் முதலில் அது தோளில் இருக்க வேண்டும்.

தமிழ் பக்தி மரபுக்கே இது பழைய கேள்விதான். பெரியபுராணத்தில் வரும் நந்தனார் தில்லைக்குப் போக ஏங்கியவர், திருப்புன்கூரில் வாசலுக்கு வெளியே நின்று கும்பிட்டவர். அவர் பெயரிலேயே 1916-ல் சிதம்பரத்தில் கல்விக் கழகம் தொடங்கியவர் சுவாமி சகஜானந்தர். ஆரணிப் பக்கம் பட்டியலினக் குடும்பத்தில் பிறந்து, துறவியாகி, சைவத்தைக் கற்றுத் தேர்ந்தவர். துறவி என்ற முறையில் அவர் குகையைத் தேடிப் போயிருக்கலாம். பள்ளிக்கூடம் கட்டினார்.

மேல்பாதியில் நடந்தது என்ன?

விழுப்புரம், செஞ்சி வட்டாரம் திரௌபதி அம்மன் வழிபாட்டின் தாய்மடி. செஞ்சி பக்கம் மேலச்சேரியில் இருக்கும் கோயிலைத்தான் எல்லா திரௌபதி கோயில்களுக்கும் மூலக்கோயில் என்று சொல்வார்கள். பாரதம் படிப்பது, தெருக்கூத்து, துரியோதனன் படுகளம், தீமிதி என்று நாள்கணக்கில் நடக்கும் திருவிழா இது. பெரிய ஆகமக் கோயில்களின் கெடுபிடி இதில் இல்லை. மக்களே நடத்தும் வழிபாடு.

அப்படி ஒரு கோயில்தான் மேல்பாதி தர்மராஜா திரௌபதி அம்மன் கோயில். 2023 ஏப்ரலில் திருவிழாவின்போது உள்ளே போன பட்டியலின இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். கோயில் தங்களுக்கே சொந்தம் என்றது மற்ற சமூகத் தரப்பு. பேச்சுவார்த்தைகள் பலன் தரவில்லை. 2023 ஜூன் 7-ம் தேதி வருவாய்த் துறை கோயிலுக்கு சீல் வைத்தது. உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2024 மார்ச் 22-ம் தேதி திறந்தார்கள், ஆனால் பூசாரி போய் பூஜை செய்ய மட்டும். பொதுமக்கள் யாருக்கும் அனுமதி இல்லை. நீதிமன்றத்தின் அடுத்த உத்தரவுக்குப் பிறகு, 2025 ஏப்ரல் 17-ம் தேதி போலீஸ் பாதுகாப்போடு பட்டியலின மக்கள் உள்ளே போய்க் கும்பிட்டார்கள்.

சட்டம் இதில் ஒன்றும் குழப்பமாக இல்லை. 1947-லேயே சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வந்துவிட்டது. அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 25-வது பிரிவு, பொதுவான இந்துக் கோயில்களை எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிடச் சட்டம் இயற்றலாம் என்கிறது. 1958-ல் வேங்கடரமண தேவரு வழக்கில், ஒரு சமயப் பிரிவுக்கு உரிய கோயிலாக இருந்தாலும் பொது வழிபாட்டிலிருந்து ஒரு சாதியை முழுவதுமாகத் தள்ளிவைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இவ்வளவு இருந்தும், 2023-ல் ஓர் அம்மனைக் கும்பிட 2 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

‘வேற கோயிலே இல்லையா?’

மேல்பாதி செய்தி வந்தபோதெல்லாம் பலர் கேட்டது இதுதான். சாமி எல்லா இடத்திலும்தானே இருக்கிறது, எதற்கு அந்தக் கோயிலுக்கே போகணும்? கேட்பதற்கு வள்ளலாரின், ரமணரின் வழியைப் போலவே தோன்றும். ஆனால் இரண்டும் ஒன்றில்லை. கடவுள் எங்கும் இருக்கிறார் என்பதை ஒருவர் தானாக உணர்ந்து சொன்னால் அது ஞானம். வாசலை மறித்து நின்றுகொண்டு இன்னொருவருக்கு அதை உபதேசம் செய்தால், அது விரட்டுவதற்கு ஒரு மரியாதையான வழி.

இந்த இடங்களின் கதையையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு விஷயங்கள் தெளிவாகின்றன.

ஒன்று, அமைப்பிலிருந்து முழுவதுமாகத் தப்பிக்க யாராலும் முடிந்ததில்லை. தேடுகிறவர் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தால் பத்துப் பேர் வருவார்கள். பத்துப் பேருக்குச் சோறு வேண்டும், சோற்றுக்கு அடுப்பு வேண்டும், அடுப்புக்குக் கூரை வேண்டும், கூரைக்குப் பட்டா வேண்டும். திருவண்ணாமலையிலும் வடலூரிலும் ஆரோவில்லிலும் நடந்தது இதுதான். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வடலூரில் 1867-ல் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது என்றால், அமைப்பு என்ற ஒன்று இருப்பதால்தான். சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே யோசித்த வள்ளலாரிடம் மற்ற அமைப்புகள் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய.

இரண்டு, மதத்தைத் தாண்டும் சுதந்திரம், மதத்துக்குள் நுழையும் உரிமையோடு கட்டப்பட்டிருக்கிறது. உள்ளே போக முடிந்தவர்தான் ‘இது எனக்குப் போதவில்லை’ என்று வெளியே வர முடியும். மேல்பாதியில் 2025 ஏப்ரல் வரை ஒரு தரப்புக்கு அந்தத் தேர்வே தரப்படவில்லை. அந்த மக்களில் நாளை ஒருவர் திரௌபதி அம்மனைக் கும்பிட்டுக்கொண்டே இருக்கலாம். இன்னொருவர் வடலூர் ஜோதியைத் தேடிப் போகலாம். வேறொருவர் சாமியே இல்லை என்றும் சொல்லலாம். இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது அவரவர் பாடு.

ஆனால் அடுத்த திருவிழாவுக்கு, போலீஸ் வேன் நிற்காமல், அந்த ஊரில் எல்லோரும் சேர்ந்து பாரதம் கேட்க உட்கார முடிகிறதா என்பது அவரவர் பாடு இல்லை. அது ஊரின் பாடு.